வெயிலில் ஓடிய புரொஜெக்ரர்

தேவகுமாரிக்கு ஒரு யோசனை பிடித்துவிட்டால் விரல்கள் சும்மா இருக்கமாட்டா. மேசை, மடி, சைக்கிள் கைபிடி என்று எது அகப்பட்டாலும் அதன்மேல் ரைப் அடிக்கத் தொடங்கிவிடும். பத்தொன்பது வருடமாக ரைப்பிஸ்ற் வேலை பார்த்ததில் வந்த பழக்கம். சாப்பிடும்போது கோப்பைக்குப் பக்கத்தில் அவளுடைய இடதுகை விரல்கள் ஓடுவதைக் கண்டால் மாமியார் பியாட்றிஸ், "சரி, இண்டைக்கு ஏதோ ஒண்டு உடையப்போகுது" என்பார்.

அப்படி அடிக்கடி உடைந்ததில்லை. திருந்தியதுதான் அதிகம். வீட்டு மணிக்கூடு, கணவர் துரைராஜாவின் கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசு, மழைக்கு ஒழுகிய கூரைப் பீலி எல்லாம் அவள் கை பட்டவைதான். தெல்லிப்பழையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் விஞ்ஞானத்தில் வகுப்புக்கே முதல் பிள்ளை அவள். தபால்கந்தோரில் வேலை பார்த்த தகப்பன் திடீரென்று தவறியிராவிட்டால் மேலே படித்திருப்பாள். அதற்குப் பதிலாக ரைப்பிங் வகுப்பு, பிறகு புத்தூரில் விவசாய விரிவாக்க அலுவலகம். இருபத்திரண்டு வயதில் அந்த மேசையில் இருந்தவள், இப்போது நாற்பத்தொன்றிலும் அதே மேசையில்தான் இருந்தாள்.

1993 ஆனி மாதம். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்று மூன்று வருடம். மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம் எல்லாம் அருமைப்பட்ட சாமான்கள். அலுவலகத்து ரைப்ரைட்டருக்கு றிபன் கிடையாது. விளக்குப் புகையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, பழைய றிபனிலேயே தேய்த்துத் தேய்த்து அவள் கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள். அன்று அடிக்கவேண்டி வந்தது ஒரு கழிவுப் பட்டியல்.

அலுவலகப் பொறுப்பாளர் கனகசபாபதி நல்ல மனிதர். ஆனால் முறைக்கு அங்காலே ஒரு அடி வைக்கமாட்டார். வெளிநாட்டு நிவாரண நிறுவனம் ஒன்று அலுவலகங்களுக்குச் சாமான் கொடுக்க முன்வந்திருந்தது. பழுதான பழைய சாமான்களைக் கழித்துப் பட்டியல் அனுப்பினால்தான் புதியது கேட்கலாம். அவர் பட்டியலை வாசிக்க, தேவகுமாரி அடித்துக்கொண்டு வந்தாள்.

"இருபத்திமூண்டு. சிலைட் புரொஜெக்ரர் ஒண்டு. அறுபத்திரண்டாம் ஆண்டு வந்தது. திருத்த ஏலாது எண்டு அடியுங்கோ, மிஸிஸ் துரைராஜா."

தேவகுமாரியின் விரல்கள் நின்றன. "ஏலாதெண்டு ஆர் சேர் பாத்தது?"

"பாக்க என்ன கிடக்கு? பல்ப் எரிஞ்சு ஏழு வருசம்."

"புதுசுக்கும் கரண்ட் வேணுமே, சேர்."

"கரண்ட் ஒருநாளைக்கு வரும்தானே."

"அதுவரைக்கும் பெட்டியுக்கை கிடக்குமோ? இது இப்பவும் பெட்டியுக்கைதானே கிடக்குது."

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து அருளம்பலத்தார் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிடி வெங்காயத்தாள். புத்தூரில் ஐந்து பரப்புக் காணியில் வெங்காயம் செய்கிற மனிதர். வயது அறுபதுக்கு மேல். அந்த மாதம் முழுக்க இப்படித்தான் தோட்டக்காரர் ஒருவர் மாறி ஒருவர் வந்துகொண்டிருந்தார்கள். தாள் வெள்ளிக்கோடு விழுந்து வெளிறுகிறது, பிறகு நுனி கருகிச் சரிகிறது. வந்தவர்கள் எல்லாருக்கும் கனகசபாபதி சொன்ன பதில் ஒன்றுதான். பனிப்பூச்சி. தாளின் அடி மடிப்புக்குள் இருந்து சாறு உறிஞ்சுகிறது. வேப்பங்கொட்டையை இடித்து ஊறப்போட்ட தண்ணீரை அடியுங்கள்.

"தம்பி, நான் ஒவ்வொரு தாளாப் பிரிச்சுப் பாத்திட்டன்" என்றார் அருளம்பலத்தார். "தூசிதான் கிடக்கு. பூச்சியைக் காணேல்லை. உது உப்புத் தண்ணியின்ரை வேலை. என்ரை கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு நான் வேப்பங்கொட்டை இடிச்சுக்கொண்டிருக்கேலாது."

"அந்தத் தூசிதான் ஐயா பூச்சி."

"தூசி தூசிதான்."

அவர் தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தேவகுமாரி ஒரு தாளை எடுத்து வெள்ளைக் கடதாசியின்மேல் தட்டினாள். ஊசிமுனை அளவில் நாலைந்து மஞ்சள் துகள்கள் விழுந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தபோது அதில் ஒன்று மெல்ல நகர்ந்தது. அவளுடைய கண்ணுக்கே அது பெரும்பாடு. அருளம்பலத்தாரின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அலுவலகத்தில் இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியும் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. நோயை விளக்கித் துண்டுப்பிரசுரம் அடிக்கக் கடதாசி இல்லை. அடித்தாலும், பூச்சியைக் காணாதவர் எழுத்தை நம்பப்போகிறாரா?

மேசையின்மேல் விரல்கள் ஓடத் தொடங்கின.

"சேர், பட்டியல் மாதக் கடைசிக்குத்தானே போகவேணும்? இருபத்திமூண்டாம் நம்பரை இப்போதைக்கு விட்டுவிடுவம். எனக்கு ரண்டு கிழமை தாங்கோ."

"என்ன செய்யப்போறியள்?"

"தெரியேல்லை சேர்" என்றாள் அவள். உண்மையில் தெரியவில்லை. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

களஞ்சிய அறையிலிருந்து பெட்டியைத் தூக்கிவந்தவர் காவலுக்கு நிற்கிற வோச்சர் கிறகோரி. இளமையில் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். வாயைத் திறந்தால் இரண்டு சொல்லுக்கு மேல் வராது. பெட்டியைத் திறந்ததும் இருவரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள். பல்ப் இருந்த இடத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. வயர்த் தோலை எறும்பு அரித்துச் செம்பு தெரிந்தது. கண்ணாடி வில்லைகளில் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

"செத்துப்போச்சு" என்றார் கிறகோரி.

"உடம்பைப் பாருங்கோ அண்ணை. இரும்பிலை ஒரு கறள் இல்லை. மண்ணும் அழுக்கும்தான்."

மூன்று நாள் மத்தியான இடைவேளை முழுவதும் அதற்கே போனது. குளவிக்கூட்டைத் தென்னை ஈர்க்கால் தோண்டி எடுத்தாள். இறுகிக்கிடந்த வில்லைக் குழாயைச் சுடச்சுடத் தேங்காய் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றிப் பிடித்து, கிறகோரி திருகினார். முதல் நாள் அசையவில்லை. இரண்டாம் நாள் "கிறீச்" என்று ஒரு சத்தத்தோடு கால் சுற்று வந்தது. பெற்றோமக்ஸ் பற்றவைக்க வீட்டில் பக்குவமாக வைத்திருந்த ஸ்பிரிற்றில் ஒரு மூடி எடுத்து வந்து, துரைராஜாவின் பழைய வேட்டித் துண்டால் வில்லைகளைத் துடைத்தாள். பூஞ்சணம் அரைவாசி கரைந்தது. மிச்சத்துக்கு வாயால் ஆவி ஊதி ஊதித் துடைத்தாள்.

மூன்றாம் நாள் வில்லைக் குழாய் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க அதை யன்னல் பக்கம் பிடித்தாள். மறுகையில் இருந்த வெள்ளைக் கடதாசி தற்செயலாக அதற்குப் பின்னால் வந்தது. கடதாசியில் ஒரு பனைமரம் தலைகீழாக நின்றது. பச்சை ஓலை, கறுத்த உடல், நீல வானம் எல்லாம் நிறத்தோடு. றோட்டால் ஒரு சைக்கிள் தலைகீழாக ஓடிப்போனது. கரியரில் இருந்த கீரைக்கட்டுக்கூடத் தெரிந்தது.

"கிறகோரி அண்ணை, ஓடி வாங்கோ."

அவர் வந்து பார்த்தார். இன்னொரு சைக்கிள் போனது. அவர் யன்னலால் வெளியே பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், மறுபடி வெளியே பார்த்தார்.

"கரண்ட் இல்லாமலோ?" என்றார்.

அந்தக் கேள்வி அவளைத் தூக்கிப்போட்டது. கரண்ட் இல்லாமல்தான். வில்லைக்குக் கரண்ட் எதற்கு? கரண்ட் வேண்டியது பல்ப்புக்கு. பல்ப் வேண்டியது வெளிச்சத்துக்கு. வெளிச்சம் வெளியிலே கொட்டிக்கிடக்கிறது. ஆனி மாதத்து யாழ்ப்பாண வெயில், ஆளை நிமிர்ந்து பார்க்கவிடாத வெயில். அதை உள்ளே கொண்டுவர ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி போதாதா?

அன்று பின்னேரம் வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது தான் அச்சுவேலிச் சந்தியைத் தாண்டியதே அவளுக்குத் தெரியவில்லை. தன் வீட்டுப் படலையையும் தாண்டிப்போய்த் திரும்பி வந்தாள்.

களஞ்சிய அறைக்குக் கிழக்கே ஒரே ஒரு யன்னல். அதைப் பலகையால் அடைத்து, பலகையில் ஒரு சிரட்டை வாயளவு துளை போட்டார்கள். துளைக்கு உள்ளே புரொஜெக்ரரின் பின்பக்கம். வெளியே கிறகோரி, தான் சவரம் செய்கிற கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தபடி. உள்ளே தேவகுமாரி ஒரு பழைய சிலைட்டைப் போட்டாள். வயலில் நெல்லு நிற்கிற படம்.

"இன்னும் கொஞ்சம் மேலை… இடப்பக்கம்… போதும், போதும்."

எதிர்ச்சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்து, நடுங்கி, நின்றது. அதற்குள் நெல்லுக் கதிரின் ஒரு துண்டு. கூப்பிட வாயெடுப்பதற்குள் கதிரின் நடுவே ஒரு கறுத்த புள்ளி தோன்றியது. அது கொப்புளம் போட்டு, விரிந்து, சுவரில் ஒரு பெரிய ஓட்டையாகப் பெருத்தது. பிலிம் உருகிய மணம் அறையை நிறைத்தது.

கனகசபாபதி கதவடியில் வந்து நின்றார். "என்ன எரியுது?"

"நெல்லுப் படம் ஒண்டு சேர். வெங்காயப் படங்கள் பத்திரமா இருக்கு."

"அது அரசாங்கச் சொத்து, மிஸிஸ் துரைராஜா."

"ஓம் சேர். ஆனா பாத்தியளோ, எரிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருக்கு. பல்ப்பிலை இவ்வளவு வந்திராது."

அவள் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டுவிட்டுத் திட்ட வந்தவர் திட்டாமலே போய்விட்டார்.

ஏன் எரிந்தது? வெளிச்சம் பெட்டிக்குள் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும். கிறகோரி ஒரு தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கொளுத்தி அணைத்துவந்து பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். புகைக்குள் வெளிச்சத்தின் பாதை வெள்ளைத் தடிபோலத் தெரிந்தது. பின்னால் இரண்டு தடித்த வில்லைகள். முதலாவதுக்குள் புகும்வரை தடி நேராக இருந்தது. பிறகு கூம்பிக் கூம்பி, சிலைட் நிற்கிற இடத்தில் ஊசிமுனையாகக் குவிந்தது.

தேவகுமாரி புகைக்குள் கண் எரிய எரிய நின்று பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை அரியக் கண்ணாடியைக் கையில் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கும் மணி அடித்த பிறகு அவளிடமிருந்து அதைப் பறித்துத்தான் எடுக்கவேண்டி வந்தது. இப்போது பறிக்க ஒருவரும் இல்லை.

"அண்ணை, எனக்கு விளங்கிவிட்டுது" என்றாள் மெல்ல. "பல்ப்பின்ரை வெளிச்சம் விரிஞ்சு வாறது. அதை நேராக்கத்தான் முதல் கண்ணாடி. சூரியன்ரை வெளிச்சம் நேராத்தானே வருது. அப்ப எங்களுக்கு உது தேவையில்லை."

முதல் வில்லையைக் கழற்றினாள். மறுபடி புகை. இந்தத் தடவை வெளிச்சத் தடி சிலைட்டின் இடத்தில் அகலமாக நின்றது. கூம்பியது முன்வில்லைக்குக் கிட்டத்தான். சுவரில் ஒரு பாயளவுக்குச் சதுரமாக வெளிச்சம். அந்தச் சதுரத்துக்குள் வெங்காயப் பாத்தி ஒன்று, மண்ணின் சிவப்பும் தாளின் பச்சையுமாக. கிறகோரி வெளியே கண்ணாடியைப் பிடித்தபடியே, "வருதோ?" என்று கேட்டார். அவள் ஓடிவந்து கண்ணாடியைத் தன் கையில் வாங்கி, "நீங்கள் போய்ப் பாருங்கோ" என்றாள்.

சூடு மட்டும் இன்னும் இருந்தது. சிலைட்டின் இடத்தில் பெருவிரலை வைத்துப் பத்து எண்ணுவதற்குள் எடுக்கவேண்டியிருந்தது. நீந்தும்போது தண்ணீருக்குக் கீழே முதுகில் வெயில் சுடுவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. உடைந்த யன்னல் கண்ணாடியில் இரண்டு சதுரம் வெட்டுவித்து, நடுவில் சைக்கிள் ரியூப்பை 'ப' வடிவில் வளைத்து வைத்து, ஃபைல்களுக்குப் போடுகிற இரும்புக் கிளிப்புகளால் நெருக்கினாள். மேல்வாயால் தண்ணீர் விட்டாள். ஒரு துளி ஒழுகவில்லை. முதல் தண்ணீரில் குமிழி கட்டிச் சுவரில் பந்து பந்தாகத் தெரிந்தது. கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரில் அதுவும் இல்லை. அந்தத் தண்ணீர்க் கண்ணாடியை யன்னல் துளைக்கும் சிலைட்டுக்கும் இடையில் வைத்தபோது விரலில் இளஞ்சூடுதான் பட்டது.

அவள் அதோடு நின்றிருக்கலாம். சிலைட்டிலே வெங்காய நோயைக் காட்டியிருக்கலாம். ஆனால் அருளம்பலத்தாரின் முகம் கண்ணுக்குள் நின்றது. எங்கேயோ எடுத்த படத்தைக் காட்டினால், "உது வேறை ஊர்த் தோட்டம்" என்று எழும்பிப் போகிற ஆள் அவர். இரண்டு வெற்றுக் கண்ணாடித் துண்டுகளை எடுத்தாள். பூச்சி நசுங்காமல் இடையில் கடதாசி ஒட்டு வைத்தாள். மேசையில் வாடிக்கிடந்த தாளைத் தட்டி, விழுந்த தூசியைக் கண்ணாடிகளுக்கு நடுவில் சிறைவைத்து, சிலைட் செருகுகிற இடத்தில் செருகினாள்.

சுவரில் ஆட்காட்டி விரல் நீளத்தில் ஒரு உருவம் கால்களை அசைத்து நடந்தது.

தேவகுமாரி கதிரையைத் தேடி உட்கார்ந்தாள். பிறகு எழும்பி ஓடினாள். "சேர், கெதியா வாங்கோ."

கனகசபாபதி வந்து பார்த்தார். விவசாயம் படித்துப் பட்டம் பெற்றவர். பனிப்பூச்சியைப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தார். அதன் கொம்பு அசைவதை இன்றைக்குத்தான் கண்டார். "வியாழக்கிழமை தோட்டக்காரரைக் கூப்பிடுவம்" என்றார். அவருடைய வாயில் இருந்து முறை என்ற சொல் வரவில்லை.

இனித் தேவைப்பட்டது நல்ல கண்ணாடி. கிறகோரியின் சவரக் கண்ணாடி சிறியது. சூரியன் இரண்டு நிமிடம் நகர்ந்தால் வெளிச்சம் துளையை விட்டு ஓடிவிடும். நீட்டுக் கண்ணாடியாக, அலையில்லாத தடிப்புக் கண்ணாடியாக வேண்டும். அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று தேவகுமாரிக்குத் தெரியும். அவள் நித்திரை கொள்கிற அறையில், மாமியின் அலுமாரிக் கதவில்.

பியாட்றிஸின் கலியாண அலுமாரி அது. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குத் தெல்லிப்பழையை விட்டு வெளிக்கிட்டபோது கட்டில், மேசை, வளர்த்த மாடுகள் எல்லாவற்றையும் விட்டு, இந்த ஒன்றைத்தான் உழவு இயந்திரத்தில் ஏற்றியிருந்தார். கண்ணாடிக்கு மூன்று சேலை சுற்றி, அச்சுவேலிவரை தானே கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

"மாமி, உங்கடை கண்ணாடியை ஒரு நாளைக்கு இரவல் தருவியளோ?"

"எந்தக் கண்ணாடி?"

தேவகுமாரி அலுமாரியைப் பார்த்தாள்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் மாமி. துரைராஜா மெதுவாக எழும்பி வெளியே போனார்.

தேவகுமாரி விளக்கத் தொடங்கினாள். சூரியன், துளை, தண்ணீர், தூசி, விரல் நீளத்துக்கு நடக்கிற பூச்சி. சொல்லச் சொல்ல வேகம் கூடியது. விரல்கள் அலுமாரிக் கதவிலேயே ரைப் அடித்தன. மாமி இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பூச்சி உண்மையா நடக்குதோ?"

"ஓம் மாமி. கொம்பை ஆட்டுது."

"அப்ப நானும் வருவன். கண்ணாடிக்குப் பக்கத்திலைதான் இருப்பன். உடைஞ்சால் உன்னோடை கதைக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

புதன்கிழமை பின்னேரம் கண்ணாடி கதவோடு கழன்று, அதே மூன்று சேலையும் சுற்றப்பட்டு, கைவண்டிலில் புத்தூருக்குப் போனது. கிறகோரி கண்ணாடி நிற்க ஒரு தாங்கி செய்திருந்தார். யன்னலுக்கு வெளியே ஒரு மரக்குற்றி. அதன்மேல் பழைய சைக்கிள் ஒன்றின் முன்சில்லைப் பிடிக்கிற கவரும் கைபிடியும். கைபிடியைத் திருப்பினால் கண்ணாடி இடம் வலம் திரும்பும். கதவுப் பிணைச்சலில் அது மேலும் கீழும் சாயும். எல்லாம் வள்ளக்காரர் போடுகிற முடிச்சு.

கனகசபாபதி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். "ஆமியின்ரை ஹெலி வந்தால்? மேலை மினுங்கினால் என்ன நினைப்பாங்கள்?"

அதையும் அவள் யோசித்திருந்தாள். "கண்ணாடி வெயிலை ஒரு பக்கத்துக்குத்தான் அனுப்பும் சேர். அது முழுக்க யன்னலுக்கை போகுது. எண்டாலும் கிறகோரி அண்ணை சாக்கு வைச்சிருப்பார். சத்தம் கேட்டால் மூடிவிடுவார்."

வியாழக்கிழமை காலை எட்டரை. களஞ்சியத்தில் நாற்பது பேர்வரை சாக்கு விரித்து இருந்தார்கள். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கதவைச் சாத்தியதும் இருட்டு. வெளியே கண்ணாடிக்குப் பக்கத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி போட்டு பியாட்றிஸ். அருளம்பலத்தார் பின்வரிசையில், எழும்பிப் போக வசதியாகக் கதவோரம் இருந்தார்.

தேவகுமாரிக்கு வாய் உலர்ந்தது. பத்தொன்பது வருடத்தில் நாற்பது பேருக்கு முன்னால் அவள் ஒரு வசனம் பேசியதில்லை. யன்னல் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கிறகோரி சாக்கை எடுத்தார்.

வெள்ளை வெளிச்சம் சுவரில் பாய்ந்தது. ஆட்கள் ஒரு மூச்சாக "ஆ" என்றார்கள். கரண்ட் போன பிறகு இத்தனை வெளிச்சத்தை ஒரு சுவரில் அவர்கள் கண்டதில்லை. அவள் கண்ணாடித் துண்டைச் செருகி, வில்லைக் குழாயைத் திருகினாள். மங்கலாக இருந்தது இறுகி, இறுகி, ஒரு தாளின் விளிம்பாகியது. அதன் ஓரத்தில் ஐந்து உருவங்கள். ஒன்று நின்று கொம்பை ஆட்டிவிட்டு மற்றதன்மேல் ஏறிப்போனது.

பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். கதவுப் பக்கம் போகவில்லை. ஆட்களுக்கு நடுவே மிதித்து மிதித்துச் சுவரடிக்கு வந்து, பூச்சி ஒன்றின்மேல் விரலை வைத்தார். அது அவருடைய நகத்தின்மேல் ஏறி நடந்தது.

"உது நடக்குது" என்றார் அருளம்பலத்தார்.

அப்போதுதான் தெற்கே ஹெலியின் சத்தம். மறுகணம் சாக்கு விழுந்து அறை இருண்டது. ஆட்கள் சுவரோரம் நகர்ந்து குந்தினார்கள். சத்தம் கிட்ட வந்தது. தலைக்கு நேரே கூரை ஓடுகள் அதிர்ந்தன. வெளியே மாமி என்ன செய்கிறாரோ என்று தேவகுமாரி யன்னல் பலகையில் காதை வைத்தாள். அந்த இருட்டுக்குள் அவளுக்குப் பக்கத்தில் இருந்து தணிந்த குரல் ஒன்று கேட்டது.

"தங்கச்சி, உது எந்தத் தோட்டத்துத் தாள்?"

"உங்கடைதான் ஐயா. விடியக் கிறகோரி அண்ணை உங்கடை வேலியோரத்திலை பிடுங்கினவர்."

"கேட்டுப் பிடுங்கியிருக்கலாம்" என்றது குரல். இருட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் நாலைந்து பேர்.

சத்தம் வடக்கே தேய்ந்தது. சாக்கு எடுபட்டது. சூரியன் இதற்குள் நகர்ந்திருந்தபடியால் வெளிச்சம் சுவரின் மூலையில் விழுந்தது. கிறகோரி கைபிடியைத் திருப்ப, அது மெல்ல ஊர்ந்து நடுவுக்கு வந்தது. பூச்சிகள் ஐந்தும் உயிரோடு, ஒன்றும் நடக்காததுபோலத் தாளை மேய்ந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை எல்லாரும் சுவரடிக்கு வந்துவிட்டார்கள். கனகசபாபதி ஒரு மாதமாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை அன்று ஒருமுறைதான் சொன்னார். வேப்பங்கொட்டையை எவ்வளவு இடிப்பது, எத்தனை மணித்தியாலம் ஊறப்போடுவது, எந்த நேரம் அடிப்பது என்று அவர்களே கேட்டார்கள். "அடி மடிப்புக்கை படவேணும், மேலாலை தெளிச்சால் சரிவராது" என்று அருளம்பலத்தார் பக்கத்தில் நின்றவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தபோது பியாட்றிஸ், சாக்குக்கு மேலே தன் குடையையும் விரித்துப் பிடித்தபடி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றார். "கண்ணாடிக்கு ஒண்டுமில்லை" என்றார். "பூச்சியை எனக்கு ஆர் காட்டுறது?" அவருக்கென்று தனியாக ஒரு காட்சி ஓடியது. அவர் சுவரை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "உவனுக்கு மீசையெல்லே இருக்கு" என்றார்.

அந்தப் போகத்தில் எல்லாத் தோட்டமும் தப்பவில்லை. முற்றாகக் கருகியவை போனவைதான். அருளம்பலத்தாரின் ஐந்து பரப்பில் மூன்றரை தேறியது. கழிவுப் பட்டியல் இருபத்திமூன்றாம் இலக்கம் இல்லாமல் போனது. புதிய புரொஜெக்ரருக்குப் பதிலாகக் கனகசபாபதி கேட்டது நூறு வெற்றுக் கண்ணாடித் துண்டும் ஒரு நீட்டு முகக்கண்ணாடியும். மாமியின் கதவு அவை வந்த பிறகுதான் அலுமாரிக்குத் திரும்பியது.

ஆடி பிறந்ததிலிருந்து வியாழக்கிழமைகளில் அலுவலக வாசலில் நெருப்புப்பெட்டிகளோடு ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒவ்வொன்று. கத்தரிக்காய்ப் புழு, புகையிலைப் பேன், மிளகாய் இலையின் அடியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூள். தேவகுமாரி பெட்டிகளுக்கு இலக்கம் போட்டுக் கூப்பிட்டாள். இப்போது அவளுக்கு வாய் உலர்வதில்லை. "கொஞ்சம் விலகி நில்லுங்கோ, தலை மறைக்குது" என்று அதட்டக்கூடப் பழகியிருந்தாள். ஒருநாள் வரிசையில் ஏழாவதாக நின்றவர் கனகசபாபதி. வீட்டு மல்லிகையில் ஏதோ பிடித்திருக்கிறதாம். தன் முறை வரும்வரை நின்றுதான் காட்டினார்.

ஆவணி முதல் வியாழன், பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் சின்னாச்சி ஒரு போத்தலோடு வந்தார். வீட்டில் பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல். முற்றத்துத் தொட்டித் தண்ணீரில் நூல்போல ஏதோ நெளிகிறது, அது என்ன என்று கேட்டார். தேவகுமாரி ஒரு கரண்டி தண்ணீரை ஒடுக்கமான கண்ணாடிக் கூட்டுக்குள் விட்டுச் செருகினாள். சுவரில் முழங்கை நீளத்தில் ஒன்று உடம்பை முறுக்கித் துள்ளி, தலைகீழாகத் தொங்கி, மறுபடி துள்ளியது. அதன் உடலில் இருந்த மயிர்கள்கூடத் தெரிந்தன.

"என்ன சனியன் உது?" என்றார் சின்னாச்சி பின்னால் நகர்ந்தபடி.

"நுளம்பு, அக்கா. இன்னும் ரண்டு மூண்டு நாளிலை சிறகு முளைச்சுப் பறக்கும்."

சின்னாச்சி போத்தலையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று பின்னேரம் தேவகுமாரி சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஒழுங்கையால் போனபோது ஒவ்வொரு முற்றத்திலும் தொட்டியும் குடமும் கவிழ்ந்து கிடந்தன. ஒழுங்கை முழுக்க ஈரம். ஒரு வாசலில் ஈர்க்குமாறோடு நின்ற பெண் அவளைக் கண்டு, "தங்கச்சி, நாளைக்கு எங்கடை கிணத்துத் தண்ணியும் கொண்டுவரட்டோ?" என்று கேட்டாள்.

"கொண்டுவாங்கோ" என்றாள் தேவகுமாரி. "அடியிலையும் மேலையும் ரண்டு போத்தல் அள்ளுங்கோ. ரண்டையும் பாப்பம்."

நாளைக்கு வெள்ளிக்கிழமை. காட்சி வியாழனில்தான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. திருத்திச் சொல்ல அவள் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமையும் வெயில் எறிக்கும். சைக்கிள் கைபிடியில் விரல்கள் ஓடத் தொடங்கியிருந்தன. ஒரு துளி தண்ணீரை இன்னும் பெரிதாகக் காட்ட, கழற்றி வைத்த அந்த முதல் வில்லையை முன்னால் பொருத்திப் பார்த்தால் என்ன?